வெப்சைட் ஓப்பன் ஆகலையா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வீட்டு கம்ப்யூட்டர், பிராட்பேண்ட், ரவுட்டர், பிரவுசர், இதுக்குள்ள எது வேணா கேளுங்க. கேக்கறப்ப மூணு விஷயம் சேத்து எழுதுங்க: திரைல வர்ற எரர் எழுத்து மாறாம, ஒரு சைட் மட்டுமா இல்ல எல்லாமேவா, அதே வைஃபைல போன்ல ஓப்பன் ஆகுதா. இது இருந்தா பாதி வேலை முடிஞ்சுது. இன்னொன்னு, அவசரப்பட்டு கஸ்டமர் கேர் நம்பர்னு கூகுள்ல தேடி யாருக்கும் போன் போட்றாதீங்க.

கேள்வி (திண்டுக்கல்): அக்கா, பழைய டெஸ்க்டாப். எந்த சைட் போனாலும் உங்க கனெக்ஷன் பிரைவேட் இல்லன்னு சிவப்பா வருது, கீழ ‘நெட் எர்ர் சர்ட் டேட் இன்வேலிட்’னு இருக்கு. போன்ல எல்லாம் ஓடுது. கடைக்காரர் ஃபார்மட் பண்ணணும், 800 ரூபா ஆகும்ங்கறார்.

பதில்: எரர எழுத்து மாறாம எழுதினதுக்கு நன்றி தம்பி, பதில் அதுலயே இருக்கு. ஃபார்மட் வேண்டாம். வலது பக்கம் கீழ கடிகாரத்துல தேதி என்ன காட்டுதுன்னு பாருங்க, 2009, 2012ன்னு ஏதாவது பழைய வருஷம் இருக்கும். ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு சர்டிஃபிகேட் உண்டு, அதுல இந்தத் தேதிலேர்ந்து இந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு இருக்கும். பல சர்டிஃபிகேட் சில மாசம்தான் செல்லும். உங்க கம்ப்யூட்டர் 2009ல இருக்கறதா நினைச்சா, எல்லா சர்டிஃபிகேட்டும் அதுக்கு இன்னும் பொறக்காத சர்டிஃபிகேட்தான், அதான் கதவ சாத்துது.

தேதி ஏன் பின்னாடி போச்சுன்னா, மதர்போர்டுல எட்டணா காசு மாதிரி ஒரு செல் இருக்கும், சிஆர் 2032, 3 வோல்ட். ராத்திரி சுவிட்ச் போர்டுலயே ஆஃப் பண்றீங்கல்ல, அப்ப கடிகாரத்த ஓட்டறது அந்த செல் மட்டும்தான். அது தீந்து போச்சுன்னா தினம் காலைல தேதி மறுபடி பழசாயிடும். வாட்ச் கடைலயே கிடைக்கும். பிளக்க புடுங்கிட்டு கேபினட்ட தொறந்து, ஓரத்துல இருக்கற சின்ன தகடு கிளிப்ப நகத்தால லேசா தள்ளினா செல் தானா எழும்பும், புதுச பிளஸ் பக்கம் மேல இருக்கற மாதிரி வைங்க. அப்புறம் தேதிய கையால மாத்துங்க, ரொம்ப வருஷம் விலகி இருந்தா ‘செட் டைம் ஆட்டோமேட்டிக்’ தானா சரி பண்ணாம விட்ரும். ஃபார்மட் அடிச்சா மட்டும் செல்லுக்கு உயிர் வந்துடாது.

தேதி சரியா இருந்தும் அந்த சிவப்பு திரை வந்தா ‘அட்வான்ஸ்டு’ போய் ‘புரொசீட்’ அழுத்தாதீங்க. பேங்க் சைட்ல கண்டிப்பா கூடாது.

கேள்வி (தேனி): ‘டிஎன்எஸ் ப்ரோப் ஃபினிஷ்டு என்எக்ஸ்டொமைன்’னு வருது. ஒரு சைட்ல மட்டும்.

பதில்: டிஎன்எஸ்ங்கறது சைட் பேர கொடுத்தா அதோட நம்பர் அட்ரஸ், அதாவது ஐபி, சொல்ற சர்வர். உங்க பிரவுசர் பேர கொடுத்து அட்ரஸ் கேட்டிருக்கு, அப்படி ஒரு பேரே இல்லன்னு பதில் வந்திருக்கு. முதல்ல ஸ்பெல்லிங் பாருங்க சார், நிறைய பேருக்கு அங்கயே முடிஞ்சுடும். சரியா இருந்தா கமாண்ட் பிராம்ப்ட்ல (விண்டோஸ்ல கட்டளைய டைப் பண்ற கருப்புத் திரை) ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஃபிளஷ்டிஎன்எஸ் அடிங்க. அப்புறம் என்எஸ்லுக்கப் அடிச்சு சைட் பேர், பக்கத்துல 8.8.8.8 (கூகுளோட டிஎன்எஸ்) போடுங்க. அங்க ஐபி வந்து, 8.8.8.8 போடாம அடிச்சா வரலன்னா உங்க நெட் கம்பெனியோட டிஎன்எஸ் சர்வர்ல கோளாறு. ரெண்டுலயும் வரலன்னா பெரும்பாலும் அந்த சைட்டே இல்ல, சைட் பேர புதுப்பிக்காம விட்டிருக்கலாம், நீங்க பண்ண ஒண்ணும் இல்ல.

கேள்வி (கோவை): அக்கா இதுக்கு ஏன் இவ்ளோ சுத்தறீங்க, டிஎன்எஸ்ஸ 1.1.1.1னு மாத்திப் போட்டா எல்லாம் சரியாயிடும், நெட் ஸ்பீடும் ஏறும். நான் சொந்தக்காரங்க வீட்ல எல்லாம் போட்டு விட்டுட்டேன்.

பதில்: ஸ்பீடு ஏறாது தம்பி. டிஎன்எஸ் வேலை அட்ரஸ் சொல்றதோட முடிஞ்சுது. 40 எம்பிபிஎஸ் பிளான் 40தான். பக்கம் திறக்க ஆரம்பிக்கற அந்த முதல் நொடில கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம், டவுன்லோடுல தெரியாது.

கேள்வி (கோவை): எங்க வீட்ல வீடியோ பஃபர் ஆகறது நின்னுச்சே, கண்ணால பாத்தேன்.

பதில்: வேற காரணமா இருக்கலாம், நேரெதிராவும் ஆகலாம், அதான் சொல்றேன். பெரிய சைட்டெல்லாம் ஒரே வீடியோவ ஊர் ஊரா சர்வர்ல வெச்சிருக்கும், உங்க கம்பெனிக்குள்ளயே கூட ஒரு காப்பி இருக்கும். எந்த சர்வர் உங்களுக்குப் பக்கம்னு சில சைட் முடிவு பண்றதே டிஎன்எஸ் கேள்வி எங்கேர்ந்து வருதுங்கறத வெச்சுதான். கூகுளோட 8.8.8.8 உங்க ஐபி நம்பர்ல ஒரு பகுதிய அந்த சைட் பக்கம் சொல்லும், கிளவுட்ஃபிளேரோட 1.1.1.1 பிரைவசிக்காக சொல்லாது. அதனால சில நேரம் பக்கத்து சர்வர விட்டுட்டு தூரத்து சர்வர் கிடைக்கும். சொந்தக்காரங்க வீட்ல பழைய செட்டிங் என்னன்னு எழுதி வெச்சீங்களா?

கேள்வி (சேலம்): நடுவுல வரதுக்கு மன்னிக்கணும், ஆனா அந்தத் தம்பி சொல்றதுல நியாயம் இருக்கு. எங்க ஏரியா கம்பெனி டிஎன்எஸ் சாயங்காலம் ஆனா படுத்துடும். மாத்தினப்புறம்தான் நிம்மதி.

பதில்: அப்படின்னா மாத்தறது சரிதான் சார், நீங்க கோளாற பாத்துட்டு மாத்தினீங்க. என்ன கோளாறுன்னே பாக்காம எல்லா வீட்லயும் போட்டு விடறதத்தான் வேண்டாங்கறேன். ஆபீஸ் லேப்டாப்ல மாத்திட்டா உள் சைட் எதுவும் திறக்காது, அப்புறம் அதுக்கு ஒருத்தர் ராத்திரி உக்காந்து தேடணும். அரசாங்கம் ஐடி சட்டம் 69ஏல முடக்கின சைட்ட திறக்க வழி கேட்டு ரெண்டு பேர் எழுதியிருக்கீங்க, அது இங்க வேண்டாம்.

கேள்வி (யாழ்ப்பாணம்): எங்கட வீட்டில ரவுட்டர் லைட் எல்லாம் பச்சையா எரியுது, பிங் பண்ணினா பதில் வருது, ஆனா பிரவுசரில ஒரு பக்கமும் திறக்குதில்லை அக்கா.

பதில்: பிங் (ஒரு சர்வர் பதில் சொல்லுதான்னு பாக்கற கட்டளை) பண்ணி பாத்தீங்களே, அருமை. ப்ராக்ஸின்னு ஒண்ணு உண்டு, பிரவுசர் கேக்கறத வேற ஒரு சர்வர் வழியா சுத்தி அனுப்பும், பிங் அது வழியா போகாது. செட்டிங்ஸ்ல நெட்வொர்க், அதுல ப்ராக்ஸி போங்க. ‘யூஸ் எ ப்ராக்ஸி சர்வர்’ ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணுங்க. இலவச விபிஎன் எதாச்சும் போட்டு எடுத்திருந்தா அது விட்டுட்டுப் போன மிச்சமா இருக்கும். மறுபடி தானா ஆன் ஆச்சுன்னா உள்ள வைரஸ் இருக்கலாம், ஸ்கேன் பண்ணுங்க.

கேள்வி: நெட் வரல. என்ன பண்ணணும்?

பதில்: மேல கேட்ட மூணு விஷயத்த எழுதுங்க.

கேள்வி (நெய்வேலி): புது ரவுட்டர் நானே வாங்கி மாட்டினேன். கூகுள், யூடியூப் ஓடுது. ஆனா சில சைட், முக்கியமா என் பேங்க் சைட், சுத்திக்கிட்டே இருக்கு, எரரும் வரல. பழைய ரவுட்டர்ல ஓடுச்சு.

பதில்: இந்த மாதிரி கேள்விக்காகத்தான் உக்காந்திருக்கேன். யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு கனெக்ட் ஆகற லைனா? அப்படின்னா அது பிபிபிஓஈ. நெட்ல டேட்டா துண்டு துண்டாத்தான் போகும், அந்தத் துண்டுக்குப் பேர்தான் பாக்கெட். சாதாரணமா ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகும், பிபிபிஓஈ தன்னோட தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்கும், மிச்சம் 1492. புது ரவுட்டர் 1500ன்னே வெச்சுக்கிட்டு இருந்தா அந்தப் பக்கத்துலேர்ந்து வர்ற முழு சைஸ் பாக்கெட் நடுவுல விழுந்துடும். சின்னதா அனுப்புன்னு சர்வருக்குத் தகவல் திரும்பிப் போகணும், சில பேங்க் ஃபயர்வால் அந்தத் தகவலயும் தடுத்துடும். ரெண்டு பக்கமும் காத்துக்கிட்டே இருக்கும், அதான் எரர் இல்லாம சுத்துது. யூடியூப், கூகுளுக்கெல்லாம் குரோம் குயிக்னு வேற முறைல சின்ன பாக்கெட்டா பேசறதால தப்பிச்சுடுது.

சோதிக்கறது சுலபம். கமாண்ட் பிராம்ப்ட்ல பிங், மைனஸ் எஃப், மைனஸ் எல் 1472, அப்புறம் 1.1.1.1. இதுக்குப் பதில் வராம 1464 போட்டா வருதுன்னா உங்க லைன் நான் சொன்ன மாதிரி 1492தான். 1464ஓட தலைப்பு 28 சேந்தா 1492. பிரவுசர்ல ரவுட்டரோட பக்கத்துக்கு (பெரும்பாலும் 192.168.1.1) போய், WANனு இருக்கற வெளி லைன் செட்டிங்ல எம்டியூவ (பாக்கெட்டோட அதிகபட்ச சைஸ்) 1492 ஆக்கி ரவுட்டர ரீஸ்டார்ட் பண்ணுங்க. என்ன ஆச்சுன்னு கண்டிப்பா எழுதுங்க.

கேள்வி (தஞ்சாவூர்): அப்பாவோட கம்ப்யூட்டர் விண்டோஸ் 7. பாதி சைட் வெள்ளையா நிக்குது.

பதில்: மைக்ரோசாஃப்ட் அதை 2020 ஜனவரியோட விட்டுட்டாங்க, குரோம் 109தான் அதுல ஓடற கடைசி குரோம். புது சைட்ல இருக்கற ஸ்கிரிப்ட் அதுக்குப் புரியாது. ஃபயர்பாக்ஸுக்கும் 115தான் அதுல கடைசி. அப்பா அதுல பேங்க் வேலை பாக்க வேண்டாம்னு சொல்லுங்க. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட்னு இலவச சிஸ்டம் போட்டா அதே மெஷின் இன்னும் ஓடும்.

கேள்வி: பிரிண்டர் வைஃபைல வரல அக்கா.

பதில்: பிரிண்டர் எனக்குத் தெரியாது.

கேள்வி (மதுரை): 8.8.8.8 போட்டா சரியாகுமா?

பதில்: தேனிக்காரருக்கு எழுதினத படிங்க.

கேள்வி (விருதுநகர்): அம்மா, நெட் வரலன்னு கூகுள்ல நம்பர் தேடி போன் பண்ணேன். எனிடெஸ்க் போடச் சொன்னாங்க, போட்டுட்டேன், 10 ரூபா ரீசார்ஜ் பண்ணச் சொல்லி கார்டு நம்பர் கேட்டாங்க, கொடுத்துட்டேன். இப்ப பயமா இருக்கு.

பதில்: ஐயா, இத படிச்ச உடனே ரவுட்டர ஆஃப் பண்ணுங்க, எனிடெஸ்க் தூரத்துலேர்ந்தே உங்க கம்ப்யூட்டர இயக்க விடற ஆப், அவங்க கை உள்ள இருக்கலாம். வேற போன்லேர்ந்து கார்டு பின்னாடி இருக்கற நம்பருக்குக் கூப்பிட்டு கார்ட முடக்கச் சொல்லுங்க. அடுத்த போன் 1930க்கு, சைபர் கிரைம் நம்பர், பணம் போயிருந்தாலும் சீக்கிரம் சொன்னா நடுவுல நிறுத்த வாய்ப்பு இருக்கு. கம்ப்யூட்டர்லேர்ந்து எனிடெஸ்க்க எடுங்க, போன்லயும் போட்டிருந்தா அதையும் எடுங்க. மெயில், பேங்க் பாஸ்வேர்ட் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் இல்லாம வேறொண்ணுலேர்ந்து மாத்துங்க. நெட் பிரச்சனைய நாளைக்குப் பாக்கலாம், கம்பெனி நம்பர் உங்க பில்லுலயே அச்சடிச்சிருக்கும். வீட்ல பசங்க இருந்தா இப்பவே பக்கத்துல உக்காத்தி வெச்சுக்குங்க. மத்தவங்க கொஞ்சம் பொறுங்க, ஐயா பேங்குக்கு போன் போட்டாச்சான்னு எனக்கு முதல்ல தெரியணும்.