கமக்காரர் கேள்வி பதில்: வயலுக்குக் காசு, பட்டிக்கு?

கேள்வி: அண்ணை, என்ர பட்டியில நாப்பது மாடு நிக்குது, வயல் ரெண்டு ஏக்கர். வயலுக்குப் பசளைக் காசு வருது, மாட்டுக்கு ஒரு சதமும் இல்லை. அமெரிக்காவில இருக்கிற மருமகன் சொல்லுறார், அங்க மழை பெய்யாட்டி மாட்டுக்காரருக்கு அரசாங்கம் காசு போடுமாம். உண்மையோ?
- துணுக்காய் வாசகர்

பதில்: உண்மைதான் ஐயா. அங்க கவுண்டி எண்டு ஒரு பிரிவு, எங்கட மாவட்டம் மாதிரி எண்டு வையுங்கோ. ஒவ்வொரு வியாழக்கிழமையும் வறட்சி வரைபடம் ஒண்டு வரும், புல்லு வளருற காலத்தில உங்கட கவுண்டி அதில கடும் வறட்சி எண்டு தொடர்ந்து நிண்டால் (அங்கத்தை 2014 விவசாயச் சட்டத்தில 8 கிழமை எண்டு இருந்தது, 2025இல அதைத் தளர்த்திப்போட்டினம்) மாதத் தீவனச் செலவில 60 வீதம் கணக்குப் பண்ணிக் குடுப்பினம். வெள்ளத்திலயோ குளிரிலயோ வழமைக்கு மிஞ்சி மாடு செத்தால் அது வேற திட்டம், சந்தை விலையில 75 வீதம். ஆனா மேய்ச்சல் நிலத்துக்கு உறுதியோ குத்தகைக் கடதாசியோ கையில இருக்கவேணும், மாட்டுக் கணக்கும் காட்டவேணும்.

எங்கட பிடி அங்கதான் நழுவுது. இஞ்ச மானியம் எல்லாம் வயலை அளந்து வாறது. 2005க்குப் பிறகு பசளை மூடை 350 ரூபாக்குக் குடுத்தவை, 2016இல அது காசா மாறினது, 2024/25 காலபோகத்துக்கு (மாரி மழையோட செய்யிற பெரும்போகம்) நெல்லுக்கு ஹெக்ரேயருக்கு 25,000 ரூபா, அதுவும் 2 ஹெக்ரேயர் வரைக்கும்தான். உங்கட ரெண்டு ஏக்கருக்கு அந்தக் கணக்கில கிட்டத்தட்ட 20,000 வரும். நாப்பது மாடு அந்தக் கணக்கில எங்கயும் இல்லை. காலபோகம் விதைச்சாப் பிறகு வயல் பக்கம் மாடு போகேலாது, காட்டுக்க சாய்ச்சால் வனவளத் திணைக்களத்தின்ர எல்லைக்கல்லு. மேய்ச்சல் தரை எண்டு ஒரு துண்டு ஒதுக்கி வர்த்தமானியில போடாத வரைக்கும் அங்கத்தை மாதிரி ஒரு திட்டம் இஞ்ச வந்தாலும் எந்த நிலம் காய்ஞ்சது எண்டு எதைக் காட்டுறது? அதாலதான் நான் காசைவிட மேய்ச்சல் தரையைக் கேளுங்கோ எண்டு திரும்பத் திரும்ப எழுதுறன்.

2022 டிசம்பரில மண்டோஸ் புயலோட வந்த குளிரில வடக்கு கிழக்கில ஆயிரத்துக்கு மேல ஆடு மாடு செத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்ப ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு ஐயாவைக் கண்டனான், பட்டியில பாதி செத்துப்போச்சு, ஆனா காதுத்தோடும் (மாட்டின்ர காதில குத்துற இலக்கத் தகடு) இல்லை, கால்நடை வைத்தியர் கந்தோரில பதிவும் இல்லை, எத்தினை செத்தது எண்டு காட்ட வழியில்லாமல் நிண்டார். அந்த முகம் இன்னும் கண்ணுக்க நிக்குது. தயவுசெய்து பண்ணைப் பதிவு, காதுத்தோடு ரெண்டையும் இந்த மாசமே முடியுங்கோ, மாடு கண்டு போட்டால் அந்தக் கண்டையும் பதிவில சேருங்கோ.

கேள்வி: குத்தகைக்கு வயல் செய்யிறன், காசு காணிக்காரருக்குப் போகுது. ஆரிட்டக் கேக்கிறது?
- கனகராயன்குளம் வாசகி

பதில்: தங்கச்சி, கமநல சேவை நிலையத்தில விவசாயக் காணிப் பதிவேடு ஒண்டு இருக்கு, அதில செய்கை பண்ணுறவர் ஆரெண்டு உங்கட பேர் ஏறியிருக்கோ எண்டு முதல் பாருங்கோ. இல்லாட்டி கமக்காரர் அமைப்பின்ர கடிதத்தோட விதைப்புக்கு முந்தியே போய்ப் பதியுங்கோ, காணிக்காரரோட எழுத்தில ஒரு துண்டு வாங்கி வையுங்கோ.

அமெரிக்காவில ஆருக்கு எவ்வளவு மானியம் போனது எண்டு 1995இல இருந்து கவுண்டி கவுண்டியா பேரோட ஒரு பட்டியலில பாக்கலாம், பெரிய பண்ணைக்காரருக்குத்தான் கூடப் போகுது எண்டு சனம் பிடிச்சதே அந்தப் பட்டியலாலதான். இஞ்சயும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. உங்கட வயல் இலக்கத்துக்குப் போன போகம் ஆற்ற பேரில காசு போனது எண்டு எழுத்தில கேளுங்கோ, உங்கட கடிதத்தை அவை வாங்கினதுக்கு ஒரு பற்றுச்சீட்டும் எடுத்து வையுங்கோ.