பல ஆண்டு எம்எல்ஏவைத் திருநங்கை வேட்பாளர் தோற்கடிப்பது எப்படி?

பதவியில் இருப்பவருக்குத் தெரிந்த முகம், கட்சி ஆட்கள், ஓட்டுப் போட்டுப் பழகிய கை எல்லாம் இருக்கும். அதனால்தான் அவரை வீழ்த்துவது கடினம். 2017இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் டானிகா ரோம் அதைச் செய்தார். எதிரே நின்ற பாப் மார்ஷல் 1992 முதல் அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். திருநர் எந்தக் கழிப்பறைக்குப் போகலாம் என்று கட்டுப்படுத்த 2017இல் மசோதா கொண்டுவந்தவரும் அவர்தான்.

ரோம் உள்ளூர்ப் பத்திரிகை நிருபராக இருந்தவர். தான் திருநங்கை என்பதை மறைக்கவில்லை. ஆனால் வீடு வீடாகப் போய் அவர் அதிகம் பேசியது 28ஆம் எண் சாலையின் நெரிசலைப் பற்றி. தினமும் காரில் மாட்டிக்கொள்கிறவருக்கு அதுதானே வலி! அந்த ஆண்டு அவருடைய ஜனநாயகக் கட்சிக்கு நல்ல காற்றும் வீசியது.

தெருமுனை மளிகைக் கடைக்குப் பழக்கத்தில்தான் போகிறோம். சரி, அரிசி கேட்டால் கடைக்காரர் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால்? எதிரே கேட்டதை எடுத்துத் தரும் கடை வந்ததும் கால் அங்கே திரும்பிவிடும். மார்ஷலை விட்டு ரோமிடம் ஓட்டு போனதும் அப்படித்தான்.

அனுதாப ஓட்டு என்று சிலர் சொல்வது தவறு: 2019, 2021 தேர்தல்களிலும் ரோமே வென்றார், 2023இல் மாநில செனட் எனும் மேலவைக்கும் தேர்வானார்.