வக்கா: இராக்கொக்கு பற்றிய கேள்வி பதில்

கண்டியிலிருந்து: ஐயா, வாவியோர மரத்தில் பகல் முழுக்கக் கறுப்பு முதுகுக் கொக்கு ஒன்று தூங்கி வழிகிறது. பக்கத்திலேயே புள்ளிபோட்ட பழுப்புக் கொக்கும் நிற்கிறது. இரண்டும் வேறா?

ஒரே பறவைதான், வயதுதான் வேறு. வக்கா சுமார் 60 செ.மீ. நீளம், கழுத்தும் காலும் குட்டை, அலகு தடிப்பு. வளர்ந்ததற்கு உச்சியும் முதுகும் கறுப்பு, இறக்கை சாம்பல், கண் சிவப்பு. பிடரியிலிருந்து இரண்டு மூன்று வெள்ளை இறகுகள் நாடாபோல் தொங்கும். இனப்பெருக்கக் காலத்தில் மஞ்சள் கால்கள் சிவக்கும். இளம் பறவை பழுப்பு. இறக்கையில் துளித்துளியாய் வெளிறிய புள்ளிகள், கண் மஞ்சள் அல்லது செம்மஞ்சள். முழு நிறம் வர ஏறக்குறைய மூன்று வருடம் பிடிக்கும். இடைப்பட்ட வயதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அப்போது நிறத்தை விட்டுவிட்டு அலகையும் உடற்கட்டையும் பாருங்கள்.

நுவரெலியாவிலிருந்து: மரக்கறித் தோட்டத்து வாய்க்காலில் நிற்கும் பழுப்புக் கொக்கும் இளம் வக்காதானா?

பெரும்பாலும் அது குருட்டுக் கொக்கு. பறக்கும்வரை பொறுங்கள். இறக்கை விரிந்ததும் வெள்ளை பளிச்சென்று தெரிந்தால் குருட்டுக் கொக்கு. இளம் வக்காவின் இறக்கை விரித்தாலும் பழுப்புத்தான். குருட்டுக் கொக்கு அளவிலும் சிறிது, ஏறக்குறைய 45 செ.மீ.

ஹட்டனிலிருந்து: பொழுதுபட்டதும் லயத்துக்கு மேலே "குவாக்" என்று ஒற்றைச் சத்தம் கேட்கிறது.

அது வக்கா இரைதேடப் போகும் குரல். பகலில் மற்றக் கொக்குகள் பிடித்து வைத்திருக்கும் கரைகள் இரவில் காலியாகும். பெரிய கண்கள் மங்கல் வெளிச்சத்தில் உதவும். குஞ்சு இருக்கும் காலத்தில் பகலிலும் வேட்டையாடும். ஆகவே பகலில் மீன் பிடிக்கும் வக்காவை நோயாளி என்று எண்ண வேண்டாம்.

பண்டாரவளையிலிருந்து: வீட்டு மீன்தொட்டியில் இரவோடிரவாக மீன் குறைகிறது. என்ன செய்யலாம்?

வக்கா கரையில் அசையாமல் நின்று குத்தும். ஆழத்தில் இறங்க அதன் கால் போதாது. தொட்டி ஓரம் சரிவாக இருந்தால் அதற்கு வசதி. செங்குத்தாக்கி, நீரை 60 செ.மீ.க்கு மேல் வையுங்கள். அடியில் பீவீசீ குழாய்த் துண்டுகளைப் போட்டால் மீன் ஒளிந்துகொள்ளும். வலை போடுவதென்றால் சட்டத்தில் இறுக்கிக் கட்டி, நீர்மட்டத்துக்கு மேலே நன்றாக உயர்த்துங்கள். தொய்ந்த வலை இரண்டு வகையில் கெடுதல்: அதன்மேல் நின்றே பறவை குத்தும், அல்லது கால் சிக்கிச் சாகும். நைலோன் நூலைத் தளர்வாகக் கட்டவே வேண்டாம். வலை கிழிந்து, செதிலும் முள்ளும் கரையில் சிதறிக் கிடந்தால் நீர்நாயைச் சந்தேகியுங்கள்.

கம்பளையிலிருந்து: கூட்டு மரத்தடியில் குஞ்சு விழுந்து கிடக்கிறது, ஐயா. வளர்க்கலாமா?

வேண்டாம். மூன்று நான்கு வாரக் குஞ்சுகள் பறக்கத் தெரியாமலே கிளைகளில் ஏறித் திரியும். அங்கேயே தாயும் தகப்பனும் ஊட்டும். காயமில்லையென்றால் துணியால் மூடிப் பிடித்து, எட்டிய கிளையில் ஏற்றிவிட்டு விலகி நில்லுங்கள். அலகு உங்கள் கண்ணைக் குறிவைக்கும், தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பயத்தில் இரையைக் கக்கினால் பதறாதீர்கள், கொக்குக் குஞ்சுகளின் இயல்பு அது. காயமிருந்தால் காற்றுத்துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். பாலும் பாணும் ஆகாது. எச்சம் விழுகிறதென்று கூடிருக்கும் கிளையை வெட்டுகிறவர்கள் தயவுசெய்து குஞ்சுகள் பறக்கும்வரை பொறுங்கள். பொரித்ததிலிருந்து ஆறேழு வாரம்தான்.

மாத்தளையிலிருந்து: உலகில் எத்தனை வகை வக்கா?

நிக்டிகோராக்ஸ் பேரினத்தில் இன்று உயிரோடிருப்பவை இரண்டு: நம் வக்காவும், அவுஸ்திரேலியா, இந்தோனேசியா பக்கத்துச் செம்பழுப்பு வக்காவும். மொரீசியஸ், ரொட்ரிகஸ், ரீயூனியன், அசென்சன் தீவுகளில் வாழ்ந்தவை அழிந்துவிட்டன.

பதுளையிலிருந்து: டிசம்பரில் காட்டோடை இலைச்சருகில் செம்பழுப்புக் கொக்கு ஒன்றைக் கண்டேன். உச்சி கறுப்பு, அலகு கட்டை. அதுவும் வக்காவா?

நீங்கள் சொல்லும் அடையாளம் மலாயா இராக்கொக்குக்குப் பொருந்துகிறது. அது கோர்சாகியஸ் என்ற வேறு பேரினம். குளிர்காலத்தில் மட்டும் இலங்கைக்கு வரும். நிழலான காட்டுத்தரையில் மண்புழு கிளறும், கலைத்தால் கழுத்தை நீட்டி மரக்கட்டைபோல் உறைந்து நிற்கும். அரிதான வருகை. கிட்டப் போகாமல் படமெடுத்து, இடத்தையும் திகதியையும் குறித்து வையுங்கள்.