ஒரே தோட்டத்து ரீஸ்லிங்: ஒன்று இனிப்பு, ஒன்று புளிப்பு ஏன்?

வாசகர் கேள்வி: ஜெர்மனியில் கோப்லென்ஸ் நகரில் வேலை பார்க்கிறேன். மோசல் ஆற்றங்கரையில் ஒரு தோட்டக்காரரிடம் இரண்டு பாட்டில் ரீஸ்லிங் (அந்தப் பெயருள்ள வெள்ளைத் திராட்சையின் ஒயின்) வாங்கி வந்தேன். ஒரே தோட்டம், ஒரே வருடம். ஒன்று நன்றாக இனிக்கிறது, மற்றது பல் கூசுகிற அளவுக்குப் புளிப்பு. வாங்கும்போதே தெரிந்துகொள்ள வழி உண்டா? இனிப்பு பாட்டிலின் அடியில் கண்ணாடித் தூள் போல ஏதோ கிடக்கிறது, குடிக்கலாமா? அடுத்த வாரம் நண்பர்கள் வருகிறார்கள், மீன் குழம்பு வைக்கப்போகிறேன். எதைத் திறப்பது?

முதலில் அந்தத் தூளைப் பார்த்துவிடுவோம். திராட்சையின் முக்கியமான புளிப்பு டார்டாரிக் அமிலம். நம் சமையல் புளியில் இருப்பதும் அதேதான். பாட்டில் குளிரில் கிடக்கும்போது அது பொட்டாசியத்தோடு சேர்ந்து பொடிப் படிகமாக அடியில் தங்கிவிடும். ஜெர்மன்காரர்கள் இதை ‘வைன்ஸ்டைன்’, அதாவது ஒயின் கல் என்பார்கள். சந்தேகம் இருந்தால் கொஞ்சம் எடுத்துக் கொதிக்கும் நீரில் போட்டுக் கலக்குங்கள். ஒயின் கல்லென்றால் கரைந்துவிடும், கண்ணாடி கரையாது. உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. அலுங்காமல் ஊற்றி, கடைசி ஒரு வாய் அளவைப் பாட்டிலிலேயே விட்டுவிட்டால் போதும்.

இனி லேபிள். பெரிய எழுத்துகளை அப்புறம் படிக்கலாம். ஓரத்தில் பொடி எழுத்தில் ஆல்கஹால் சதவீதம் இருக்கும், அதைத்தான் முதலில் தேட வேண்டும். ஜெர்மனியில் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவதால் அது 8,0 என்றோ 12,5 என்றோ தெரியும். மோசல் ரீஸ்லிங்கில் அந்த எண் 7-க்கும் 9-க்கும் நடுவில் இருந்தால் உள்ளே இருப்பது இனிப்பு. 12-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் அநேகமாக இனிப்பில்லாதது. 10, 11 என்றால் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். உங்கள் இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்த எண்ணை மட்டும் பாருங்கள், பதில் கிடைத்துவிடும்.

ஏன் இப்படி? சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக்குகிறது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை தீர்ந்தால் ஆல்கஹால் 1 சதவீதம் ஏறும். சாறு எவ்வளவு இனிப்பு என்பதை இங்கே ‘எக்ஸ்லே’ என்ற அளவில் சொல்வார்கள்: ஒரு லிட்டர் சாறு, ஒரு லிட்டர் தண்ணீரைவிட எத்தனை கிராம் கனம் என்பதுதான் அது. 80 எக்ஸ்லே சாறு முழுக்க நொதித்தால் ஏறக்குறைய 10.5 சதவீத ஆல்கஹால் வரும். அதே சாற்றை 8-லேயே நிறுத்தினால் லிட்டருக்கு 40 கிராமுக்கு மேல் சர்க்கரை தின்னப்படாமல் நின்றுவிடும். அந்தக் காலத்தில் நிலவறையின் குளிரே ஈஸ்ட்டைத் தூங்கவைத்தது. இப்போது தொட்டியைக் குளிரவைத்து, ஈஸ்ட்டை வடிகட்டி எடுக்கிறார்கள்.

40 கிராம் என்றதும் சர்பத் என்று நினைத்துவிடாதீர்கள். மாங்காய்ப் பச்சடியில் எவ்வளவு வெல்லம் போடுகிறோம்? தனியாக அதைத் தின்றால் திகட்டும், மாங்காயின் புளிப்போடு சேரும்போது திகட்டுவதில்லை. மோசலிலும் அதே கணக்குதான். 50-ஆவது வட அட்சரேகையை ஒட்டிய குளிர்ப் பிரதேசம் இது. ரீஸ்லிங் தாமதமாகப் பழுக்கும், அறுவடை அக்டோபர் வரை இழுக்கும், பழத்தில் புளிப்பு குறையாமல் நிற்கும். இந்தக் குளிரிலும் அது பழுப்பதற்குக் காரணம் ஆற்றை ஒட்டிய செங்குத்துச் சரிவுகளும், அவற்றின் மேல் கிடக்கும் சிலேட்டுப் பாறையும். ஆமாம், பள்ளிக்கூடத்தில் நாம் எழுதினோமே, அந்தச் சிலேட்டுதான். பகலில் வாங்கிய வெயிலை ராத்திரியில் கொடிக்குத் திருப்பித் தருகிறது. பிரெம் ஊரின் கால்மோன்ட் சரிவு 65 பாகை வரை செங்குத்து. அங்கே இயந்திரம் ஏறாது, ஆட்கள்தான் ஏறிப் பறிக்க வேண்டும். மோசல் பாட்டிலுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை சொன்னால் நான் பேரம் பேசுவதில்லை.

சரி, இப்போது பெரிய எழுத்துகள். ‘ட்ரோக்கன்’ என்றால் இனிப்பில்லாதது. புளிப்பு ஈடுகொடுத்தால் லிட்டருக்கு 9 கிராம் சர்க்கரை வரை சட்டம் அனுமதிக்கிறது. ‘ஹால்ப்ட்ரோக்கன்’ அதைவிடக் கொஞ்சம் இனிப்பு. ‘ஃபைன்ஹெர்ப்’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் அளவு கிடையாது, இளம் இனிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். பலரும் தடுக்கி விழுவது ‘காபினெட்’, ‘ஸ்பேட்லேஸ’, ‘ஆவுஸ்லேஸ’ என்ற சொற்களில். இவை பறித்தபோது பழம் எவ்வளவு பழுத்திருந்தது என்பதைச் சொல்கின்றன. பாட்டிலில் எவ்வளவு இனிப்பு மிச்சம் என்பதைச் சொல்வதில்லை. அதனால்தான் ‘ஸ்பேட்லேஸ ட்ரோக்கன்’ என்று ஒன்று இருக்கிறது: நன்றாகப் பழுத்த பழம், ஆனால் சர்க்கரை ஏறக்குறைய முழுக்க ஆல்கஹாலாகிவிட்டது. இந்தத் தரங்களில் சாற்றுக்குச் சர்க்கரை சேர்க்கச் சட்டம் இடம் தருவதில்லை.

ஊர்ப் பெயரிலும் ஒரு எச்சரிக்கை. ‘பீஸ்போர்ட்டர் கோல்ட்ட்ரோப்ஃப்ஷென்’ என்பது பீஸ்போர்ட் ஊரின் புகழ்பெற்ற ஒரே சரிவு. ‘பீஸ்போர்ட்டர் மிஷல்ஸ்பெர்க்’ என்பது பல ஊர்த் தோட்டங்களைச் சேர்த்துக் கட்டிய பெரிய வட்டாரம். 1971-ஆம் ஆண்டு ஜெர்மன் ஒயின் சட்டம் இரண்டையும் ஒரே பாணியில் எழுதவிட்டது. இது வாங்குகிறவருக்குச் செய்த அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

உங்கள் மீன் குழம்புக்கு இனிப்பு பாட்டிலைத் திறங்கள். ஆல்கஹால் கூடக் கூட மிளகாய்க் காரம் நாக்கில் இன்னும் எரியும். 8 சதவீதமும் கொஞ்சம் இனிப்பும் அந்த எரிச்சலைத் தணிக்கும், குழம்பின் புளிக்கு ஒயினின் புளிப்பும் ஈடுகொடுக்கும். மற்ற பாட்டில் வீணில்லை. வறுத்த மீனில் எலுமிச்சை பிழிவீர்களே, அந்த வேலையை அது செய்யும். அதனால் முதலில் வறுவலும் புளிப்பு ஒயினும், அப்புறம் சோறும் குழம்பும் இனிப்பு ஒயினும். இரண்டையும் குளிர்பதனப் பெட்டியிலிருந்து பத்து நிமிடம் முன்னால் எடுத்து வெளியே வையுங்கள், 8 முதல் 10 டிகிரியில் மணம் நன்றாகத் தெரியும். இனிப்பில் மிச்சம் இருந்தால் இறுக மூடித் திரும்ப உள்ளே வைத்துவிடுங்கள், நாலைந்து நாள் தாங்கும்.