ஆபரேஷன் முடிந்தும் அழுகை நிற்கவில்லை: என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 46 வயது. தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். ஏழு மாதம் முன்பு புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்தார்கள். கீமோ முடிந்து இப்போது நோய் திரும்பாமலிருக்கக் கொடுத்த டாமாக்சிஃபென் மாத்திரை மட்டும்தான். "உயிர் பிழைச்சாச்சு, அப்புறம் என்ன?" என்கிறார்கள் வீட்டில். எனக்கோ காலையில் கண் விழித்தாலே அழுகை வருகிறது. கை இழுத்தால், நோய் திரும்பிவிட்டதோ என்று ராத்திரி முழுக்கத் தூக்கம் போகிறது. கவலைப்பட்டால் நோய் மறுபடி வரும் என்று வேறு பயமுறுத்துகிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை வாங்கிப் போடலாமா?

மனநல மருத்துவர் பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம், அம்மா. தூக்க மாத்திரைகளில் பல, தொடர்ந்து போட்டால் பழக்கமாகிவிடும். உங்கள் விஷயத்தில் டாமாக்சிஃபெனையும் பார்க்க வேண்டியிருக்கிறது. கல்லீரலில் உள்ள ஒரு நொதி (என்சைம்) அதை மாற்றிக் கொடுத்தால்தான் அந்த மருந்து முழுதாக வேலை செய்யும். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகளில் ஃப்ளூவாக்செடின், பராக்செடின் இரண்டும் அந்த நொதியைத் தடுத்துவிடும். அதற்காக மனசுக்கு மருந்தே கூடாது என்றில்லை. எஸ்சிட்டலோபிராம், வென்லாஃபாக்சின் போன்றவை அந்த அளவுக்குக் குறுக்கிடாது. டாமாக்சிஃபெனால் ராத்திரியில் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கிறதா? வென்லாஃபாக்சின் அதையும் குறைக்கும். எது சரி என்று மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். மருந்து தொடங்கினால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஒன்றும் ஆகவில்லையே என்று நாலாம் நாளே நிறுத்திவிடாதீர்கள்.

கவலைப்பட்டால் நோய் திரும்பும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. சிகிச்சை முடிந்தவரிடம் சொல்லவே கூடாத பேச்சு அது. ஏற்கெனவே பயந்திருப்பவர் அழுவதற்கும் சேர்த்துப் பயப்படுவார். கீமோ நடக்கும்போது அடுத்த ஊசி, அடுத்த ரத்தப் பரிசோதனை என்று ஓடிக்கொண்டே இருப்பீர்கள். எல்லாம் ஓய்ந்த பிறகுதான் நடந்தது என்ன என்றே மனசுக்கு உறைக்கும். அதனால்தான் இந்த அழுகை இவ்வளவு தாமதமாக வருகிறது. நிறையப் பேருக்கு இப்படித்தான். இதில் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கை இழுப்பதைப் பற்றி. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுக்கும்போது மேல்கையின் உட்பக்கத்துக்குப் போகும் சிறு நரம்பு அடிபடுவது சகஜம். மரத்துப்போவது, சுருக்கென்று குத்துவது, இழுப்பது எல்லாம் அதனால் பல மாதம் இருக்கலாம். இரண்டு வாரம் தாண்டியும் குறையாத புது வலி, புதுக் கட்டி, விடாத இருமல் என்றால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் காட்டுங்கள். கை வீங்கிச் சிவந்து காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். இந்த நாலு வரியைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ராத்திரி பயம் வரும்போது அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு மணிக்கு மனசு போடுகிற கணக்கை நம்பாதீர்கள்.

தூக்கம் வராமல் இருபது நிமிடத்துக்கு மேல் புரண்டால் எழுந்து உட்காருங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நிதானமாக விடுங்கள். இப்படி ஐந்து நிமிடம். காலையில் வெயில் ஏறுமுன் அரை மணி நேரம் நடந்தால் கீமோ விட்டுப்போன அசதியும் குறையும், மனசும் லேசாகும். தெருவில் எல்லோரும் விசாரிப்பார்களே என்று தயங்கினால் ராயபுரம் பக்கம் ஏதாவது பூங்காவுக்குப் போய்விடுங்கள். ரத்தசோகையும் தைராய்டு குறைவும்கூட இதே மாதிரி சோர்வைத் தரும் என்பதால் அந்த இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் கேட்டு வாங்குங்கள்.

கண்ணாடி முன்னால் நிற்கவே பிடிக்கவில்லை என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்குத் தையல் தெரியும். உள்ளாடையின் உட்பக்கம் மெல்லிய பருத்தித் துணியில் ஒரு பை வைத்து, பஞ்சு அடைத்த திண்டு ஒன்றைப் பொருத்துங்கள். தழும்பு நன்றாக ஆறிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு சிலிக்கான் திண்டு வைக்கலாம். எடை இரண்டு பக்கமும் சமமாகி, தோளும் நிமிரும். மெஷினில் உட்காருவதை ஒரு பிளவுஸ், அரை மணி நேரம் என்று தொடங்குங்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை: "அழாதே" என்று சொல்வதை நிறுத்திவிட்டு, செக்கப்புக்கு நீங்களும் கூடப் போங்கள். பார்க்க வருகிறவர்கள் செத்துப்போன உறவினர் கதையை எடுத்தால் பேச்சை மாற்றுவதும் உங்கள் வேலைதான்.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் எதிலும் பிடிப்பில்லாமல், பசியும் தூக்கமும் கெட்டிருந்தால் தள்ளிப்போடாமல் மனநலப் பிரிவுக்குப் போங்கள். செத்துவிடலாம் என்ற நினைப்பு ஒருமுறை தலைகாட்டினால்கூட வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லிவிட்டு 14416க்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது, இலவசம். எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம்.