84 இஞ்சி சினோ ப்ளோவர் மலிவா வருதெண்டு கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: கனடா வந்து ரெண்டு வருசம், கோடையில இன்ரலொக் கல்லுப் பதிக்கிற வேலை, அதுக்கெண்டு வாங்கின பழைய ஸ்கிட் ஸ்ரியர் (முன்னுக்குச் சாமான் மாத்தி மாத்திக் கொளுவுற சின்ன மிசின்) மாரி காலம் முழுக்கச் சும்மா நிக்குது. இப்ப ஒருத்தர் 84 இஞ்சி அகல வாயுள்ள ஹை ஃப்ளோ சினோ ப்ளோவர், அதுதான் விழுந்த பனியை அள்ளித் தூர எறியிற சாமான், ஒண்டை 3,800 டொலருக்குத் தாறன் எண்டு நிக்கிறார். வாங்கலாமோ? கிளிநொச்சியில பெக்கோ ஓடின கை, ஓட்டம் பிரச்சினையில்லை எண்டும் எழுதியிருக்கிறியள்.

வாங்காதேங்கோ. விலையில ஒரு குறையுமில்லை, ஆனா அந்தச் சாமான் உங்கட மிசினுக்குச் சரிவராது.

ப்ளோவருக்கெண்டு தனி எஞ்சின் கிடையாது. உங்கட மிசினிலயிருந்து ரெண்டு ஹோஸால போய் வாற ஹைட்ரோலிக் ஒயில்தான் அதைச் சுத்துறது. சாதாரண ஃப்ளோ மிசின் நிமிசத்துக்கு 15 தொடக்கம் 25 கலன் மட்டும் தள்ளும். ஹை ஃப்ளோ எண்டா அதுக்கு மேல, சிலது 40 கலன் மட்டும் போகும். நீங்கள் அனுப்பின மிசின் புத்தகப் படத்தில 20 கலன், 3,000 பி.எஸ்.ஐ. (ஒயிலின்ர அமுக்கம்) எண்டு கிடக்கு. கலனையும் பி.எஸ்.ஐ.யையும் பெருக்கி 1,714ஆல பிரிச்சுப் பாருங்கோ. 35 வரும். அதுதான் ப்ளோவருக்குப் போய்ச் சேருற குதிரைவலு. எஞ்சினில 70 எண்டு எழுதிக் கிடந்தாலும் அதில பாதிதான் முன்னுக்குப் போகுது. அவர் விக்கிற 84 இஞ்சிக்காரன் 35 கலன் கேக்கிறவன், அதே அமுக்கத்தில 61 குதிரை. நீங்கள் தோட்டம் செய்த ஊர்க்காரர்தானே, 2 இஞ்சி வோட்டர் பம்மில 4 இஞ்சிக் குழாயைக் கொளுவினா தண்ணி எப்பிடி வரும் எண்டு தெரியும்.

சுத்தும், சுத்தாமல் விடாது. அதுதான் ஏமாத்துறது. 35 கலனுக்குச் செய்த மோட்டருக்கு 20 கலன் குடுத்தா வேகம் பாதிக்குக் கொஞ்சம் மேலதான் வரும். எறியிற தூரம் வேகத்தோட சேர்ந்து அப்பிடியே குறையாது, அதைவிட மோசமாக் குறையும். வேகம் பாதியானா தூரம் கால்வாசியில வந்து நிக்கும். 40 அடி எறியவேண்டிய ப்ளோவர் பத்துப் பதினைஞ்சு அடியில கொட்டிப்போட்டு நிக்கும், நீங்கள் எறிஞ்சதையே திரும்ப அள்ளிக்கொண்டு போவியள். அதுவும் ரொறன்ரோப் பக்கத்துச் சினோ பூச்சியத்துக்குக் கிட்ட விழுற ஈரச் சினோ, சீமெந்துக் கலவை மாதிரி. மைனஸ் 15இல விழுறது மா மாதிரிப் பறக்கும், எந்த ப்ளோவரும் எறியும். ஈரச் சினோவிலதான் தும்பிக்கை அடைக்கும். சினோ வெளிய போற வளைஞ்ச குழாயை நாங்கள் தும்பிக்கை எண்டுதான் சொல்லுறது.

மோட்டரை மாத்தினாச் சரி எண்டு விக்கிறவர் சொல்லுவார். சின்ன மோட்டர் போட்டா வேகம் வரும், இழுக்கிற பெலன் போயிடும். வாய் 84 இஞ்சி, கையில 35 குதிரை. முதல் ஈரச் சினோவில நிண்டிடும். மறுவளமும் பிழைதான்: குறைஞ்ச ஃப்ளோ மோட்டரை ஹை ஃப்ளோ மிசினில போட்டா அளவுக்கு மிஞ்சிச் சுத்திச் சீலும் பெயாரிங்கும் போகும்.

உங்களுக்கு வேணுமெண்டா சாதாரண ஃப்ளோவுக்குச் செய்த 66 அல்லது 72 இஞ்சி பாருங்கோ. ரயரின்ர வெளிப்பக்கத்திலயிருந்து மற்ற ரயரின்ர வெளிப்பக்கம் மட்டும் அளந்து, அதைவிட ரெண்டு மூண்டு இஞ்சி கூட இருந்தாப் போதும். குறைஞ்சா ரயர் மிதிச்ச சினோ இறுகி ஐஸாகும், பிறகு அதைச் சுரண்டிக்கொண்டு நிக்கவேணும்.

ஆனா தம்பி, நீங்கள் கேக்காத ஒண்டு இருக்கு. உங்களுக்கு ப்ளோவர் தேவையோ?

நீங்கள் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கம் பிளாசாக்களும் ட்றைவ்வேக்களும் பிடிக்கப் போறியள். அங்க வேலை தள்ளுறது. முன்னுக்குப் பெட்டி மாதிரி இருக்கிற புஷரையோ சரிக்கிற பிளேட்டையோ போட்டுக்கொண்டு ஓடினா, ப்ளோவர் ஒரு லொட்டை (வாகனம் நிப்பாட்டுற வளவு) முடிக்கிற நேரத்தில நீங்கள் மூண்டை முடிப்பியள். ப்ளோவர் நடை வேகத்தில ஊருற சாமான். அது உழைக்கிற இடம் ரெண்டுதான். ஒண்டு, குவிக்க இடமில்லாத டவுன்ஹவுஸ் வளவுகள். மற்றது வடக்க, பரி, கொலிங்வூட், ஓவன் சவுண்ட் பக்கம். ஹூரன் ஏரியாலயும் அதின்ர ஜோர்ஜியன் பேயாலயும் வாற காத்து சினோவைக் கொண்டுவந்து கொட்டுற நிலம் அது. ரொறன்ரோவில வருசத்துக்கு ஒரு மீற்றர் சொச்சம் எண்டா அங்க அதைப்போல ரெண்டு மடங்கு. கியூபெக்குக்குப் போனா வேற உலகம். 1925இல ஆதர் சிக்கார் எண்ட கியூபெக்காரர்தான் தானே ஓடுற ப்ளோவரைச் செய்து, 1927இல மொன்றியலுக்குப் பக்கத்து ஊற்ரமொண்டுக்கு வித்தவர். இண்டைக்கும் மொன்றியலில சினோவை ஊதி லொறியில ஏத்திக்கொண்டு போய்க் கொட்டுறாங்கள். வீட்டு ட்றைவ்வேக்கு அவையள் ஸ்கிட் ஸ்ரியரைவிட, பின்பக்கம் ப்ளோவர் கட்டின ட்ராக்டரைத்தான் கூடப் பாவிக்கினம்.

எங்களுக்கும் இடைக்கிடை அப்பிடி ஒரு மாரி வரும். நான் வந்து ரெண்டாம் மாரி, 1999 தை மாதம், ரொறன்ரோ மேயர் மெல் லாஸ்ட்மன் சினோ அள்ள ஆமியைக் கூப்பிட்டவர். ஆமிக்குப் பயந்து வந்த சனம் நாங்கள், ரீவியில சவலோட நிக்கிற ஆமியைப் பாத்துச் சிரிக்கிறதோ ஒளிக்கிறதோ எண்டு தெரியேல்லை. அந்த மாதிரிக் கிழமையில குவிச்ச இடமெல்லாம் நிறைஞ்சு தள்ள இடமிராது. அப்ப ப்ளோவர் வைச்சிருக்கிறவன் கேட்ட காசு வாங்குவான். ஆனா அதை நம்பி முதல் வருசமே காசைப் போடாதேங்கோ. முதல் மாரி ஒரு பாவிச்ச புஷர், ரெண்டாம் மாரி தேவை கண்டா ப்ளோவர், இதுதான் என்ர கணக்கு.

இல்லை, டவுன்ஹவுஸ் கொன்ராக்ட் கைக்குள்ள கிடக்கு, ப்ளோவர்தான் வேணும் எண்டா, பாவிச்சதைப் பாக்கப் போகேக்க உங்கட மிசினையும் ட்றெயிலரில கொண்டு போங்கோ. கொளுவிச் சுத்திப் பாக்காமல் காசு குடுக்கவேண்டாம். மிசினோட கொளுவுற தகடு பெரும்பாலும் எல்லாத்துக்கும் ஒண்டுதான், அதில பயமில்லை. சிக்கல் வயரிலதான். தும்பிக்கையைத் திருப்புற சுவிச்சுக்குப் போற 14 பின் பிளக், கொம்பனிக்குக் கொம்பனி வயர் மாறிக் கிடக்கும். பிளக் சரியாப் பொருந்தினாலும் தும்பிக்கை திரும்பாது, அல்லது இடமெண்டா வலம் போகும்.

பிறகு மூண்டாவது ஹோஸ். சில மோட்டருக்கு ரெண்டு பெரிய ஹோஸோட ஒரு மெல்லிய ஹோஸும் வரும், கேஸ் ட்ரெய்ன் எண்டு சொல்லுறது. மோட்டருக்குள்ள கசியிற ஒயிலைத் திரும்ப ராங்குக்குக் கொண்டு போறது அதுதான். நான் முதல் ப்ளோவர் வாங்கின மாரி, விடிய மூண்டு மணிக்கு ஒரு பிளாசாவில நிண்டு, கை விறைச்ச அவசரத்தில அதைக் கொளுவ மறந்திட்டன். பத்து நிமிசமில்லை, சீல் வெடிச்சு ஒயில் முழுக்க வெள்ளைச் சினோவில. மிசினும் நிண்டுது, விடியும் மட்டும் கிற்றி லிற்றரை (பூனைக்குப் போடுற மண்) கொட்டி ஒயில் அள்ளினதும் நான்தான். உங்கட மிசினில அந்த மூண்டாவது ஹோஸைக் கொளுவுற கப்ளர் இருக்கோ எண்டு இப்பவே போய்ப் பாருங்கோ.

ஓகர் எண்டு சொல்லுற முன் திருகைப் பிடிச்சிருக்கிற ஷியர் போல்ட் வேணுமெண்டே மெத்தெண்ட இரும்பில செய்தது. பேப்பர்க் கட்டோ கல்லோ மாட்டினா அது முறியும், கியர் பொக்ஸ் தப்பும். அடிக்கடி முறியுதெண்டு கடினமான போல்டைப் போட்டு வித்துப்போட்டுப் போறவையள் இருக்கினம். கழட்டிப் பாருங்கோ. தும்பிக்கை அடைச்சா எஞ்சினை நிப்பாட்டி, ஒயில் அமுக்கத்தை விட்டு, தடியாலதான் குத்தவேணும். எஞ்சின் நிண்ட பிறகும் ஹோஸில அமுக்கம் நிக்கும், அடைப்பு விட்ட உடன விசிறி ஒரு சுத்துச் சுத்தும். ஒரு சுத்துப் போதும் விரலுக்கு. ஒயில் ஊசித்துளையால கசியுதோ எண்டும் கையால தடவிப் பாக்காதேங்கோ. அந்த அமுக்கத்தில தோலுக்குள்ள ஏறும், ஆஸ்பத்திரிக்கு ஓடவேணும். காட்போட் மட்டையைப் பிடிச்சுப் பாருங்கோ.

றோட்டுக் கணக்கொண்டும் இருக்கு. உங்கட மிசின் 7,500 இறாத்தல், ட்றெயிலர் 2,500. ரெண்டும் சேர்ந்து 4,536 கிலோ. ஒன்ராறியோவில ஜி லைசென்சில, அதுதான் சாதாரணக் கார் லைசென்சில, இழுக்கலாமெண்ட எல்லை 4,600. மயிரிழையில நிக்கிறியள். அதுக்கு மேல ஆயிரம் இறாத்தல் ப்ளோவரையும் ஏத்தினா எல்லை தாண்டிட்டியள், ஏ கிளாஸ் லைசென்ஸ் வேணும். ப்ளோவரை ட்றக்கில ஏத்தலாமெண்டு நினைச்சாலும், ட்றக்கும் ட்றெயிலரும் சேர்ந்து 4,500 கிலோ தாண்டினா சி.வி.ஓ.ஆர்., அதுதான் வியாபார வாகனம் ஓட்டுறதுக்கான பதிவு, எடுக்கவேணும். கோடையில நீங்கள் இழுத்துக்கொண்டு திரியிறதுக்கே அது வேணும், எடுத்திருக்கிறியளோ? வளவுச் சினோவை றோட்டில ஊதிவிடுறதும் குற்றம்.

இன்ரலொக்குக்கு எடுத்த இன்சூரன்ஸ் சினோவுக்கும் செல்லும் எண்டு நீங்களா நினைக்காதேங்கோ, எழுத்தில கேட்டு வாங்குங்கோ. ஆராவது வழுக்கி விழுந்து வழக்குப் போடுறதெண்டா, விழுந்தவர் 60 நாளுக்குள்ள நோட்டீஸ் தரவேணும் எண்டு 2021இலயிருந்து சட்டம். அதால எந்த லொட், எத்தனை மணி, உப்புப் போட்டதோ எண்டு கொப்பியில எழுதி, போனில படமும் எடுத்து வையுங்கோ.

மற்ற ப்ளோவர் ஏதும் கண்டா அதின்ர மோட்டரில ஒட்டியிருக்கிற தகட்டைக் கிட்டவாப் படமெடுத்து அனுப்புங்கோ. துடைச்சுப்போட்டு எடுங்கோ, போனமுறை அனுப்பினதில கிறீஸ்தான் தெரிஞ்சது.