வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு 31 வயதில் பக்கவாதம் வருமா?

வரும். எனக்கு 34 வயதில் வந்தது.

காய்ச்சலின் நாலாவது நாள் தம்பிக்கு வலது கை மரத்து, பேச்சு குழறி, அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதான் சரியாகிவிட்டதே என்று வீட்டில் சொல்வார்கள். கேட்காதீர்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டி தானாகக் கரைந்திருக்கலாம். இப்படி வந்து போன பிறகு முதல் இரண்டு நாள்தான் பெரிய ஆபத்து. மீதியை அப்புறம் படியுங்கள், முதலில் சிடி ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

2021 மே இரண்டாம் வாரம். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருந்தேன். கொரோனா வந்து எட்டாவது நாள், காய்ச்சல் விட்டிருந்தது, ஆக்சிஜன் 97 காட்டியது. காலை ஏழு மணிக்கு மாத்திரை வாங்கி வரச்சொல்லி மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். போனது 'மமாதர ககக'. அதை இன்னும் அழிக்கவில்லை. காய்ச்சல் அசதி, படுங்க என்றாள் மனைவி. மச்சான்தான் பதறி வந்து, வாய் கோணியிருப்பதைப் பார்த்துப் பக்கத்து கிளினிக்குக்குத் தூக்கிப்போனார்.

அங்கே என் குழறலைக் கேட்டதும் வந்த முதல் கேள்வி, "குடிச்சிருக்காரா?" ஊரடங்கில் டாஸ்மாக்கே மூடியிருந்த வாரம் அது. நான் குடிப்பவனும் இல்லை. அதைச் சொல்ல நாக்கு எழவில்லை, அழுகைதான் வந்தது. குளுக்கோஸ் ஏற்றிப் படுக்க வைத்துவிட்டார்கள். கோவை போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. தொடை வழியாகக் குழாய் விட்டுக் கட்டியை எடுப்பதைச் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள். நாங்கள் போன இடத்தில் அந்த வசதி இல்லை.

தடுப்பூசியால் வந்தது என்று எழுத வருகிறவர்களுக்கு: எங்கள் ஊரில் என் வயதுக்காரர்களுக்கு ஊசி ஆரம்பித்ததே மே 20 அன்றுதான். நான் டாக்டர் இல்லை, ஆனால் படுத்த படுக்கையில் இதைத்தான் தேடித்தேடிப் படித்தேன். தொற்று ரத்தக்குழாயின் உள்சுவரைப் புண்ணாக்குகிறது, ரத்தம் எளிதில் உறைகிறது. கொரோனா மட்டுமல்ல, ஃப்ளூவும் இதைச் செய்யும். நெஞ்சுச் சளித் தொற்று வந்த முதல் மூன்று நாளில் பக்கவாத வாய்ப்பு மூன்று மடங்காகிறது என்று 2004லேயே பிரிட்டன் ஆய்வு சொன்னது. 2020ல் நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்றில் இரண்டே வாரத்தில் ஐம்பது வயதுக்குக் கீழே கொரோனா தொற்றிய ஐந்து பேர் பெரிய ரத்தக்குழாய் அடைப்போடு வந்தார்கள். அவர்களில் இளையவருக்கு வயது 33. காய்ச்சல் வந்த எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. அரிதுதான். ஆனால் வயதைக் காரணம் காட்டி யாராவது திருப்பி அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பேச்சு திரும்பிவிட்டது. வலது கையில் கத்திரி இன்னும் நிற்பதில்லை. பஸ்ஸில் மாற்றுத்திறனாளி சீட்டில் உட்கார்ந்தால், "வயசுப் பையன், எந்திரிச்சு நில்லுப்பா" என்கிறார்கள். சான்றிதழை எடுத்துக் காட்டினாலும் மேலும் கீழும் பார்க்கிறார்கள். இந்த நாலு வருடத்தில் என்னை அதிகம் நோகடித்தது அந்தப் பார்வைதான்.

சரி, தம்பிக்கு வருவோம். கை மரத்தது எத்தனை மணிக்கு, அதற்கு முன் கடைசியாக நன்றாக இருந்தது எப்போது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். போனதும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். மறுபடி வந்தால் 108க்கு அடியுங்கள், பக்கத்து கிளினிக் வேண்டாம்.